மகமைப் பணத்தில் வந்த லாஞ்சு

எங்கள் ஊர்ப் பணத்தை முதலில் தின்றது கறையான்.

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். சதுரங்கப்பட்டினத்துக்கும் பாலாற்று முகத்துவாரத்துக்கும் நடுவே இருக்கிற மீன்பிடிக் குப்பம் எங்களுடையது. அங்கே அம்மன் கோயிலுக்குள் ஒரு மரப்பெட்டி இருந்தது. கரையில் மீன் ஏலம் போன கையோடு, பங்கு பிரிப்பதற்கு முன்னால், ஊருக்கென்று கொஞ்சம் காசை எடுத்து வைத்துவிடுவார்கள். மகமை என்று பெயர். கடலில் ஒருவனுடைய வலை போய்விட்டால், கட்டுமரம் சிதறிவிட்டால், அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். கடன் இல்லை. திருப்பிக் கேட்கிற பேச்சே கிடையாது. இன்றைக்கு உன் வலை போச்சு, நாளைக்கு என் வலை போகும், அவ்வளவுதான் கணக்கு. அதில் மிஞ்சியதில்தான் அம்மனுக்குத் திருவிழா.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம், பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுப்பதற்காகப் பெட்டியைத் திறந்தார்கள். மேலே இருந்த நோட்டுகள் நோட்டுகளாக இருந்தன. இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கையை விட்ட ஊர்த் தலைவர் மண்ணைத்தான் அள்ளினார். அவரை நாட்டார் என்று கூப்பிடுவோம். பெரிய மனிதர், புயலுக்கே அசராதவர். அன்றைக்கு அந்த மண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விழித்தார். பெண்கள் சாவு வீட்டில் அழுவதுபோல மாரடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மனே எடுத்துக்கொண்டாள் என்று ஒரு கிழவர் சொல்ல, அம்மனுக்கு எதுக்குடா துட்டு என்று என் அம்மா அவர்மீது பாய்ந்தாள். என் வாய் யாரிடமிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

சேதி புதுப்பட்டினம் கடைத்தெருவரை போய், அங்கே புதிதாகத் திறந்திருந்த பேங்கின் மேனேஜர் காதில் விழுந்திருக்கிறது. மறுநாளே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். செங்கல்பட்டுக்காரர், கண்ணாடி போட்ட இளைஞர். மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கறையான் தின்றது போக மிஞ்சிய துண்டுகளை ஊதி ஊதி எடுத்து, காகிதத்தில் ஒட்டி, மெட்ராசுக்கு அனுப்பி, அதில் பாதிக்கு மேல் புது நோட்டாக வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிடமாட்டார், டீ குடிப்பார். அன்றிலிருந்து அவர் எங்கள் குப்பத்துக்குச் சாமி. அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. வராதே தவிர, வயிறு எரியாது என்று சொல்லவில்லை.

பணத்தைப் பேங்கில் போடுங்கள் என்றார். கறையான் வராது, வட்டி வரும், மூன்று வருஷத்தில் நன்றாகப் பெருகும் என்றார். நாட்டாரும் இன்னும் இரண்டு பெரியவர்களும் புதுப்பட்டினம் போய் இரும்புப் பெட்டியைப் பார்த்தார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதைக் கும்பிட்டுவிட்டு, கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்கள். மூன்று பேரும் கைநாட்டு வைத்தால்தான் பணம் வெளியே வரும் என்பது ஏற்பாடு. ஊருக்கே நிம்மதி.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். எங்கள் கரையில் பணம் போட்டவனுக்குப் பங்கு உண்டு. வலைக்கு ஒரு பங்கு, கட்டுமரத்துக்கு ஒரு பங்கு, போன ஆளுக்கு ஒரு பங்கு. புருஷன் செத்தவள் நகையை விற்று ஒரு வலை வாங்கி யாரிடமாவது கொடுத்தால், அவள் வாசலுக்குக் கூடையில் அவள் பங்கு வந்து இறங்கும். போட்ட துட்டுக்கு மீன் வரும், மீன்பாடு இல்லாத நாளில் ஒன்றும் வராது. வட்டி என்றால் எங்களுக்குத் தெரிந்தது நாங்கள் கட்டுகிற வட்டிதான். எங்களுக்கு ஒருவன் வட்டி கட்டுவான் என்பதை எங்கள் தலைமுறையில் யாரும் பார்த்ததில்லை. எனவே மேனேஜர் வட்டி வட்டி என்று சொன்னபோதெல்லாம் எல்லாரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். யார் மண்டையிலும் அது ஏறவில்லை.

அப்புறம் வந்ததுதான் அந்தப் பஞ்சக் காலம். பஞ்சம் என்று ரேடியோவில் சொல்லமாட்டார்கள், சிக்கனம் என்று சொல்வார்கள். ரேஷனில் அரிசி கேட்டால் கோதுமையை வாங்கிக்கொள் என்பார்கள். கோதுமையை வைத்துக்கொண்டு மீன் குழம்புக்கு என்ன செய்வது? சீமெண்ணெய்க்கு விடியலில் கல்லை வைத்து இடம் பிடிப்போம். கல் இருக்கும், சீமெண்ணெய் இருக்காது. அம்மா கல்பாக்கத்து குவார்ட்டர்ஸுக்குக் கூடை சுமந்து போவாள். மாசச் சம்பளக்காரர்களே பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று வந்து புலம்புவாள். எல்லா விலையும் ஏறியது, மீன் விலை மட்டும் ஏறவில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் குப்பத்தில் அவ்வளவு படித்த முதல் பெண் என்ற திமிர் வேறு. வேலைக்கு எழுதிப் போட்ட இடத்திலிருந்தெல்லாம் ஆள் எடுக்கவில்லை என்றே பதில் வந்தது.

எங்களுக்குத்தான் கையைக் கடித்ததே தவிர, கவர்மெண்ட் ஒரு விஷயத்தில் கையை வீசிச் செலவு செய்தது. என்ஜின் வைத்த படகு. நாங்கள் லாஞ்சு என்போம். வெளிநாட்டுக்காரன் இறாலை விழுந்து விழுந்து வாங்குகிறான், இறாலை அனுப்பினால் டாலர் வரும், டாலர் வந்தால் நாடு பிழைக்கும். இதுதான் திட்டம். லாஞ்சு விலையில் ஒரு பகுதியை மானியமாகச் சர்க்கார் கொடுக்கும். மீதியைப் பேங்க் கடனாகக் கொடுக்கும். அந்தக் கடன் எங்கள் பக்கத்தில் யாருக்குப் போனது தெரியுமா? செங்கல்பட்டில் லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்த ஒரு வியாபாரிக்கு. கடலில் கால் நனைத்தறியாத மனுஷன். எங்கள் ஆட்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்றால், ஈடு காட்ட நிலம் இல்லை. கடலை எந்தப் பேங்க் ஈடாக எடுத்துக்கொள்ளும்?

முகத்துவாரத்தில் உப்பங்கழி ஓரமாக லாஞ்சை நிறுத்திப் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். மைக் செட், மாலை, ஜீப்பில் வந்த அதிகாரி. எங்கள் குப்பத்துக்குத் தனி அழைப்பு. நாட்டாரை மேடையில் ஏற்றி நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அதிகாரி டாலரைப் பற்றிப் பேசினார். அது முடிந்து மேனேஜர் மைக்கைப் பிடித்தார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷம் பொய்யில்லை.

"உங்கள் ஊர் மக்கள் போட்ட பணம்தான் இன்றைக்கு இந்தப் படகாக வந்து நிற்கிறது. இது உங்கள் முதலீடு. பெருமைப்படுங்கள்."

சொல்லிவிட்டு நாட்டாருக்கு மாலை போட்டார். நாங்கள் கை தட்டினோம் பாருங்கள், கழியில் உட்கார்ந்திருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா அதிகம் பேசாத ஆள். அவர் எழுந்து போய், சேற்றில் இறங்கி, லாஞ்சின் பலகையை மாட்டைத் தடவுவதுபோலத் தடவினார். அம்மா தன் செலவில் ஒரு தேங்காய் வாங்கி உடைத்தாள். திரும்பி வரும் வழி முழுக்க ஊரில் ஒரே பேச்சு: நம்ம துட்டு, நம்ம லாஞ்சு.

இனிமேல் என்ன நடக்கும் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நாங்கள் ஊகிக்கவில்லை. லாஞ்சு முதல் முறையாக இறாலை அள்ளிக்கொண்டு கழிக்குள் வந்த அன்று, எங்கள் குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் கூடையைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பூ வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஊர்ப் பங்கை வாங்கிவர வேண்டாமா? ஐஸ் ஏற்றிய லாரி வந்து நின்றுகொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக இறால். அவ்வளவு இறாலை ஒரே இடத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நம் கடலிலா இவ்வளவு இருந்தது என்று மலைத்து நின்றுவிட்டேன்.

வியாபாரியின் கணக்குப்பிள்ளை எங்களை உரிக்க வந்த கூலிகள் என்று நினைத்துக்கொண்டு, வரிசையில் உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

"பங்குக்கு வந்து கீறோம்," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது சிரித்தார். லாரிக்காரன் சிரித்தான். லாஞ்சு டிரைவர் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் விரட்டினார்கள். ஒரு பெண்ணின் கூடையைக் காலால் உதைத்தார்கள். பூ வைத்துக்கொண்டு போனவள் அதைப் பிய்த்துத் தண்ணீரில் எறிந்தாள்.  பங்கு கேட்ட பெண்ணை எங்கள் கரையில் ஒருவன் உதைத்தால் ஊரே எழுந்து நிற்கும், அபராதம் விழும். இங்கே அபராதம் போட யாரும் இல்லை.

மாலையில் மேனேஜர் வந்தார். பதறிப்போய்த்தான் வந்தார். பணத்தை நீங்கள் பேங்குக்குக் கொடுத்தீர்கள், பேங்க் அவருக்குக் கொடுத்தது, மீன் அவருடையது, உங்களுக்கு உண்டானது வட்டி மட்டும்தான் என்று பொறுமையாக விளக்கினார். அவருக்கு நஷ்டம் வந்தால்கூட உங்கள் வட்டி நிற்காது, மீனில் பங்கு என்றால் அப்படி வருமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அம்மாவுக்கு அந்த நியாயம் பிடிபடவில்லை. நைனாவுக்கு அவர் வழியில் பிடிபட்டது. ஓகோ, லாஞ்சு நம்முடையதுதான், பங்கு மட்டும் மீனாக வராமல் பேங்க் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார். அந்த முடிவிலிருந்து அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. லாஞ்சு கடலில் போகும்போது கரையிலிருந்து பார்த்துவிட்டு, என்ஜின் சத்தம் சரியில்லையே, எண்ணெய் போட்டானா தெரியலையே என்று கவலைப்படுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவேன்.

புரட்டாசி பாதியில் எங்கள் வலை போனது.

நைலான் வலை. அம்மாவின் காதும் கழுத்தும் மூளியானதே அந்த வலைக்காகத்தான். சாயங்காலம் போட்டுவிட்டு வந்து விடிகாலையில் போய்ப் பார்த்தால், லாஞ்சு அதன்மேல் தன் மடிவலையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கரைக்கு அவ்வளவு கிட்டே வந்து இழுப்பான் என்று யார் நினைத்தார்கள்? நைனா கொஞ்சம் கயிறும் நாலு மிதவைக் கட்டையுமாகத் திரும்பி வந்தார். அம்மா மணலை வாரித் தூற்றினாள். நைனா திட்டவில்லை. டிரைவர் பார்த்திருக்கமாட்டான் என்றார். எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இன்னும் ஒரு மாதத்தில் மழை பிடித்துக்கொள்ளும். வாடைக் காற்று ஆரம்பித்தால் நினைத்த நாளில் கடலுக்குப் போகமுடியாது. கடல் கொஞ்சம் அடங்குகிற நாளில் ஓடிப்போய் வலை போட்டு வருபவன் வீட்டில்தான் உலை ஏறும். வலையே இல்லாதவன் கடல் அடங்கினால் என்ன, அடங்காவிட்டால் என்ன? ஆனால் நாங்கள் பயப்படவில்லை. மகமை எதற்கு இருக்கிறது? நாட்டார் வீட்டுக்குப் போய் நைனா சேதி சொன்னார். வழக்கப்படி அவரும் சரி என்றார். எல்லாருமாகப் பேங்குக்குப் போனோம். படித்தவள் என்று என்னையும் அழைத்துக்கொண்டார்கள்.

மேனேஜர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வலை போனதைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். பணத்தை எடுக்கலாம், தடையில்லை, ஆனால் கெடு முடியாமல் எடுத்தால் வட்டியில் பெரும்பகுதி போய்விடும் என்றார். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது என்றார். டெபாசிட் அப்படியே இருக்கட்டும், அதன்மேல் பேங்க் ஒரு கடன் கொடுக்கும், வலை வாங்கிக்கொள்ளலாம், டெபாசிட்டுக்குத் தருகிற வட்டியைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கட்டவேண்டியிருக்கும். என்னிடம் கணக்குப் போட்டும் காட்டினார். நான் படித்த படிப்புக்கு அது புரிந்துதான் தொலைத்தது. புரிந்ததைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா டீ கிளாசைக் கீழே வைத்தாள்.

"எங்க துட்டத் தூக்கி ஒருத்தன்கிட்ட குடுத்தீங்க. அவன் எங்க வலைய அறுத்துட்டான். இப்ப வலை வாங்க, எங்க துட்டையே எங்களுக்கு வட்டிக்குக் குடுப்பீங்களா சார்?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  அதிர்ச்சி அங்கிருந்து வரவில்லை. அது வந்தது எங்கள் பக்கத்திலிருந்து. நாட்டார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நைனாவைப் பார்த்தார்.

"கெடுவுக்கு முன்ன டெபாசிட்ட ஒடைச்சா வட்டி போயிடும்பா. ஊரு துட்டு, பெருகி வர்ற சமயம். இந்த மழைக்கு நீ கொஞ்சம் பொறுத்துக்கோ."

மற்ற இரண்டு பெரியவர்களும் ஆமாம் என்றார்கள்.  வலை போனவனைப் பார்த்துப் பொறுத்துக்கொள் என்று எங்கள் ஊரில் ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மரப்பெட்டியில் கிடந்தவரைக்கும் அந்தப் பணம் வளரவில்லை, எனவே யாருக்கும் அதை எடுக்க மனம் வலிக்கவில்லை. வளர்கிறது என்று ஒருவர் சொன்னதும் தொடக் கூசுகிறது. கறையான் நோட்டைத்தான் தின்றது. இது மனுஷனையே அரித்துவிட்டது.

கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நைனா மாட்டேன் என்றார். வலை போனவனுக்கு ஊர் கடன் கொடுக்கிற வழக்கம் எங்கள் கரையில் இல்லை, என்னிடமிருந்து ஆரம்பிக்கவேண்டாம் என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசியதே அந்த வருஷத்தில் அதுதான். எழுந்து வெளியே போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் அம்மாவும் நானும் அதே கணக்குப்பிள்ளை முன்னால் வரிசையில் உட்கார்ந்தோம். இறால் உரிக்க. ஐஸில் கை விறைத்துப்போகும், இறாலின் கொம்பு குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் வீங்கும். எஸ்.எஸ்.எல்.சி. என்று சொல்லிப் பார்த்தேன். எஸ்.எஸ்.எல்.சி.க்குத் தனி ரேட் கிடையாது என்றார் அவர். நாங்கள் சீமெண்ணெய்க்குக் கல் வைத்துவிட்டு வருவோம். இங்கே லாஞ்சுக்கு டீசல் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

லாஞ்சு எங்கள் வலையோடு நிற்கவில்லை. ஐப்பசிக்குள் இன்னும் பல வீட்டு வலைகள் போயின. பொறுத்துக்கொள் என்று தலையாட்டிய பெரியவர் ஒருவருடைய வலையும் போனது. இப்போது எல்லாரும் பணத்தை உடைக்கவேண்டும் என்றார்கள், எப்போது என்று சண்டை போட்டார்கள். இளவட்டங்கள் பணமும் வேண்டாம் வட்டியும் வேண்டாம், லாஞ்சைக் கொளுத்திவிடலாம் என்றார்கள். மணலில் கூட்டம் கூடியது. முதலில் வலை இழந்தவர் என்று நைனாவைப் பேசச் சொன்னார்கள். கொளுத்துவோம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்றார். ஊர்ப் பணம் அதில் இருக்கிறது, அதைக் கொளுத்தினால் நம் வீட்டை நாமே கொளுத்துகிற மாதிரி என்றார். வெட்கம் கெட்டவர் என்று ஒரு பையன் அவரைப் பார்த்துச் சொன்னான். பெற்ற மகள், எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

இளவட்டங்கள் அதைக் கொளுத்தியது ஒரு மத்தியானம். சாப்பாட்டு நேரம், லாஞ்சில் ஆள் இல்லை. கரையில் இருந்த டீசலையே எடுத்து ஊற்றியிருக்கிறார்கள். நாங்கள் உரித்துக்கொண்டிருந்த கொட்டகையிலிருந்து பார்த்தால் புகை. ஓடினோம். எங்கள் ஊர் ஆண்கள் கரையில் நின்று கத்திக்கொண்டிருக்க, ஒரே ஒரு ஆள் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வாளி வாளியாக மொண்டு லாஞ்சின்மேல் வீசிக்கொண்டிருந்தார். நைனா.

"டேய், நம்ம லாஞ்சுடா. நம்ம துட்டு கீதுடா இதுல."

அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு மொண்டு மொண்டு ஊற்றினார். தார் உருகிக் கையில் ஒட்டிக்கொண்டது. யாரும் உதவிக்குப் போகவில்லை. நான் போனேனா என்று கேட்காதீர்கள், அம்மா என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ் ஜீப் சத்தம் கேட்டதும் கரை காலியாகிவிட்டது. நைனா ஓடவில்லை. அவர் ஏன் ஓடவேண்டும்? வாளியோடு நின்றார். ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கினார், கூடவே வியாபாரியும் மேனேஜரும். எரிந்த லாஞ்சுக்குப் பக்கத்தில் டீசல் நாற்றத்தோடு, கையெல்லாம் கரியாக ஒரு ஆள். லாஞ்சு யாருடையது தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

"எங்க ஊருதுங்க சார். எங்க லாஞ்ச நான் ஏன் சார் கொளுத்தறேன்? தோ, மேனேஜர் சாரக் கேளுங்க."

நம்பிக்கையோடு சொன்னார்.  எல்லாரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் நைனாவைப் பார்க்காமல், கழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"படகு இவரோடது சார். கிராமத்துக்கு இதுல எந்த பாத்தியதையும் கிடையாது. அவங்க பேங்க்ல பணம் போட்டவங்க, அவ்வளவுதான்."

பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. விழா மேடையில் சொன்னதும் உண்மைதான். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கமுடியும் என்பதை நைனாவுக்கு யார் சொல்வது? அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"மைக்குல சொன்னீங்களே சார்," என்றார். அதற்குள் கான்ஸ்டபிள் அவர் கையைப் பின்னால் முறுக்கிவிட்டான். வெந்த கை. அவர் கத்தவில்லை, மேனேஜரையே பார்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அன்று மாலைக்குள் வீடு வீடாகப் புகுந்து இன்னும் பல ஆண்களையும் பிடித்துக்கொண்டு போய், எல்லாரையும் செங்கல்பட்டில் உள்ளே வைத்தார்கள்.

இப்போது டெபாசிட்டை உடைக்க யாரும் யோசிக்கவில்லை. மூன்று பெரியவர்களும் போய்க் கைநாட்டு வைத்தார்கள். மேனேஜர் அன்றைக்கே பணத்தை எடுத்துக் கொடுத்தாராம். பிடிபட்டவர்கள் எல்லாருக்கும் ஜாமீன் எடுக்கவேண்டும். செங்கல்பட்டில் வக்கீல், குமாஸ்தா, ஸ்டாம்பு, ஈடு காட்ட வந்தவனுக்குச் செலவு, நடுவில் வந்த புரோக்கர். சிறைவாசலில் இருக்கிற பெட்டிக்கடைக்காரன்கூட அந்த வாரம் செழித்திருப்பான்.

நாட்டாரும் அம்மாவும் நானும் நைனாவைப் பார்க்கப் போனோம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பிக்க, அவர் அவளைக் கையமர்த்தினார். பணம் எடுத்தாயிற்று, ஜாமீன் வந்துவிடும் என்று நாட்டார் சொன்னார். நைனாவின் முகம் மலர்ந்தது. அவர் கம்பிக்குக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"எனக்கு ஜாமீனு வேணாம் நாட்டாரே. அந்தத் துட்டுக்கு வலைய வாங்கி வூட்ல குடுத்துடுங்க. இவ தம்பிய அனுப்பி மழைக்குள்ள ரெண்டு பாடாவது பாத்துக்குவாங்க. நான் இங்கயே கெடக்கறேன். சோறு போடறாங்க."

நாட்டார் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். நைனாவைத் தம்பிபோல நினைத்தவர், ஊருக்கு மூத்தவர் நாட்டார், அந்த இடத்தில் நின்று குலுங்கினார்.

"கட்டிட்டோம்பா. நேத்தே கட்டிட்டோம்."

"அல்லாத்தையுமா?"

நாட்டார் தலையை ஆட்டினார்.

"அப்ப வலைக்கு?" என்றார் நைனா.

நேரம் முடிந்தது என்று காவலர் வந்து சொன்னார். நாங்கள் வெளியே வந்தோம்.

மறுநாள் எல்லாரையும் விட்டார்கள். வழக்கு வருஷக்கணக்காக இழுத்து ஒன்றுமில்லாமல் போனது, அதை விடுங்கள். மழைக்காலத்தை எப்படிக் கடந்தோம் என்பதையும் விடுங்கள். வியாபாரி இன்சூரன்ஸ் போட்டு வைத்திருந்தான். தை மாதம் புது லாஞ்சு வந்துவிட்டது, பழையதைவிடப் பெரிய என்ஜின். இந்த முறை பந்தல் இல்லை, மைக் இல்லை. கடலடி தெரிந்த ஆட்கள் வேண்டும், தினக்கூலி என்று சொல்லி அனுப்பினான். வலை இல்லாத எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நைனாவும் போனார்.

முதல் வாரக் கூலியை வாங்கிக்கொண்டு வந்த அன்று, சாப்பிட உட்காராமல் வாசலிலேயே நின்றார். விடியலில் மடியை இழுத்தபோது அதில் ஒரு வலை சிக்கி வந்தது என்றார். எங்கள் ஊர் வலை, யாருடையது என்று முடிச்சைப் பார்த்தே தெரிந்துவிட்டதாம். டிரைவர் அறுத்துப் போடச் சொன்னான், தான்தான் கத்தியை வாங்கி அறுத்துப் போட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கூலியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா கையை நீட்டவில்லை. அவர் அதைத் தரையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வீட்டில் அன்றைக்கு ஒரு மணி அரிசி இல்லை. நான்தான் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.